உங்களுக்குத் தெரியுமா? லண்டன் சுவரில் ஒரு செத்தல் மிளகாய்

● நானுஓயாவுக்கு முதல் கோச்சி வந்தது 1885 மே மாதத்தில். கோப்பியை மலையிலிருந்து இறக்கத்தான் இந்தத் தண்டவாளத்தைப் போட ஆரம்பித்தார்கள். அது இங்கே வந்து சேர்வதற்குள் இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. அதனால் நானுஓயா ஸ்டேஷனில் பெட்டி பெட்டியாக ஏறியது தேயிலைதான். இங்கிருந்து பாதை பதுளைக்குப் போய்ச் சேர மேலும் 39 வருடங்கள் பிடித்தன. 1924இல்தான் பதுளைக்காரர்கள் கோச்சியைப் பார்த்தார்கள்.

● இன்று நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவுக்கு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கிறோம். நூறு வருடத்துக்கு முன்னால் அதற்கும் ஒரு கோச்சி இருந்தது. இரண்டரை அடி அகலமே உள்ள குறுகிய தண்டவாளம். நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை போனது. 1904ஆம் ஆண்டளவில் முழுப் பாதையும் ஓடத் தொடங்கி, 1940களோடு நின்றுபோனது. ஐரோப்பாவில் இதே மாதிரியான சிறிய மலைப் பாதைகளைப் பாதுகாத்து, அவற்றைப் பார்க்கவே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்களை வரவழைக்கிறார்கள். நம்முடையதைக் கழற்றிவிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறாத கவலை.

● கந்தப்பளையிலுள்ள ஹெத்தர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாக மாறியது. கட்டடத்தை இடிக்கவில்லை. பழைய இயந்திரங்களில் பலவற்றை உள்ளேயே விட்டுவைத்தார்கள். வெளியே பழைய கோச்சிப் பெட்டி ஒன்றைச் சீர்செய்து, அதில் மேசை போட்டுச் சாப்பாடு பரிமாறுகிறார்கள்.

● எடின்பரோ தோட்டம் நானுஓயாவில். ஹோலிரூட் தோட்டம் தலவாக்கலையில். ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் அரச மாளிகைக்குப் பெயர் ஹோலிரூட். அந்த மாளிகையைக் காசு கொடுத்துச் சுற்றிப் பார்க்கலாம். அதன் பெயர் கொண்ட மலையில் கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கிறார்கள். ஸ்கொட்லாந்துப் பக்கம் போனால் அந்த வாசலில் நின்று ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்புங்கள்.

● நுவரெலியா கிரகரி வாவியில் படகு விட்டிருப்பீர்கள். சித்திரை வசந்த காலத்தில் கரையோரம் சோளம் வாங்கித் தின்றிருப்பீர்கள். அந்த கிரகரி யார்?

சேர் வில்லியம் கிரகரி, அயர்லாந்துக்காரர். 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். 1873இல் வாவி உருவானது. 1877 ஜனவரி முதலாம் திகதி கொழும்புத் தேசிய நூதனசாலையைத் திறந்துவைத்ததும் அவர் காலத்தில்தான். ஆளுநராக வருவதற்கு முன்பே லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் அறங்காவலர்களில் ஒருவராக இருந்தவர். ஓவியம் என்றால் அவருக்கு உயிர். 1892இல் இறந்தபோது, தான் சேர்த்த படங்களில் சிலவற்றை அந்தக் கூடத்துக்கே எழுதிவைத்தார்.

அதில் ஒன்றைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கஸ் 1618இல், இருபது வயது நிரம்புவதற்குள் வரைந்தது. ஒரு சமையலறை. வேலைக்காரப் பெண் ஒருத்தி பித்தளை உரலில் உலக்கையைப் பிடித்து இடித்துக்கொண்டிருக்கிறாள். மேசையில் உள்ளிப் பற்கள், உரித்த தோலும் அப்படியே கிடக்கிறது. ஒரு தட்டில் நான்கு மீன். இன்னொன்றில் இரண்டு முட்டை. பக்கத்தில் ஒரு குடுவை. ஓரமாக, சுருங்கிப்போன ஒற்றைச் செத்தல் மிளகாய். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவி நின்று விரலை நீட்டி ஏதோ சொல்கிறாள். பெண்ணின் கன்னம் சிவந்திருக்கிறது. கண் கலங்கும் தறுவாயில் இருக்கிறது. ஏசு மார்த்தாள், மரியாள் வீட்டுக்கு வந்த கதைதான் படத்தின் பொருள். ஆனால் ஏசுவை ஓவியர் பின்னால் ஒரு சிறு சதுரத்துக்குள் வைத்துவிட்டார். முன்னால், பெரிதாக, வெளிச்சத்தில் இருப்பவள் உள்ளி இடிக்கும் பெண்.

அவள் கையைப் பாருங்கள். மணிக்கட்டுக்குக் கீழே தண்ணீரில் ஊறி, வேலையில் சிவந்த கை. நம் தோட்டங்களில் அப்படிப்பட்ட கைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. உலகத்தில் எத்தனையோ புகழ்பெற்ற ஓவியங்கள் இருக்கின்றன. லண்டன் போகும் மலையகத்தார் ஒரே ஒரு படத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

● அந்த மிளகாய் ஸ்பெயினுக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. தென் அமெரிக்காவும் மெக்சிகோவும்தான் அதன் தாய்மண். கொலம்பஸின் பயணங்களுக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு வந்தது. போர்த்துக்கேயர் கப்பலில் நம் பக்கம் வந்தது. அதற்கு முன்னால் நம் சமையலில் உறைப்புக்கு மிளகுதான்.

● உருளைக்கிழங்கின் ஊரும் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடர். குளிர் மலையில் பிறந்த கிழங்கு என்பதால்தான் நுவரெலியா மண்ணில் மனம் ஒப்பி விளைகிறது.

● 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறினார். மாடுகள், விதைகள், பண்ணை வேலைக்காரர்கள், கருமான் என்று ஒரு ஆங்கிலக் கிராமத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். இங்கிலாந்துக் காய்கறிகளை இந்த மலையில் பயிரிட்டுப் பார்த்தவர்களில் அவர் முக்கியமானவர். பின்னாளில் ஆபிரிக்காவில் அல்பர்ட் ஏரியைக் கண்டு எழுதியவரும் இவரே. இன்று கெரட்டும் லீக்ஸும் பீட்ரூட்டும் நுவரெலியாவிலிருந்து லொறி லொறியாகக் கொழும்புக்கு இறங்குகின்றன. ஐரோப்பாவில் லீக்ஸை உருளைக்கிழங்கோடு வேகவைத்து சூப் ஆக்குகிறார்கள். நாம் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் போட்டு வதக்குகிறோம். இரண்டையும் சாப்பிட்டுப் பாருங்கள். குளிர் இறங்கும் மாலைக்கு சூப், சோற்றுக்கு நம்முடையது.

● பாரிஸ் நகரத்தில் வருடாவருடம் சிறந்த பகெட் பாணுக்குப் போட்டி நடக்கும். வென்றவர் ஒரு வருடத்துக்கு பிரான்ஸ் ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்குப் பாண் கொடுக்க வேண்டும். 2023இல் அந்தப் பரிசை வாங்கியவர் தர்ஷன் செல்வராஜா, இலங்கையில் பிறந்த தமிழர்.

பிரான்ஸில் 'பாரம்பரிய' பகெட் என்று சொல்லி விற்க 1993இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். கோதுமை மா, தண்ணீர், உப்பு, நொதி. பதப்படுத்தும் இரசாயனம் எதுவும் சேரக்கூடாது. பகெட் செய்யும் கைவினையையும் அதைச் சுற்றிய பழக்கவழக்கத்தையும் 2022இல் யுனெஸ்கோ மரபுரிமையாகப் பட்டியலிட்டது.

இதைப் படிக்கும்போது எனக்கு லயத்து ரொட்டி ஞாபகம் வராமல் இருக்குமா? தோட்ட நிர்வாகம் அரிசியும் மாவும் அளந்து கொடுத்து, அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்த மாவில் உப்பும் தண்ணீரும் விட்டு, கையிலிருந்தால் கொஞ்சம் தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டி, கல்லில் போட்டு, கடைசியில் தணலில் காட்டி எடுத்தார்கள் நம் அம்மாமார். ஓரம் கருகி, நடு மெத்தென்று இருக்கும். கூடவே கட்டச் சம்பல்: செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, தேசிக்காய். பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் செய்தது, மலையில் பகல் வரைக்கும் வயிற்றில் நின்றது. பகெட்டுக்குக் கொடுக்கும் மரியாதைக்கு இந்த ரொட்டி எந்த விதத்திலும் குறைந்ததல்ல. இதைச் செய்யும் முறையைப் பாட்டிமார் இருக்கும்போதே எழுதிவையுங்கள். மாவின் அளவு, கல்லின் சூடு, தணலில் காட்டும் நேரம், எல்லாவற்றையும்.

● நூதனசாலையில் சாப்பாட்டுக் கடை வைக்கலாம் என்று உலகத்தில் முதலில் செய்து காட்டியது லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் நூதனசாலை. 1860களில் அலங்கரித்த அந்த உணவு அறைகளில் ஒன்றை வடிவமைத்தது வில்லியம் மொரிஸின் நிறுவனம். இன்றும் அதே அறைகளில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கலாம். சுவரையும் கூரையையும் பார்த்துக்கொண்டே குடியுங்கள். அவையும் அங்கே காட்சிப் பொருள்தான்.

● அதே நூதனசாலை 1865இல் ஒரு பெண்ணின் புகைப்படங்களைக் காட்சிக்கு வைத்தது. பெயர் ஜூலியா மார்கரெட் கமரூன். புகைப்படத்தைக் கலை என்று உலகம் ஏற்றுக்கொள்ளப் பாடுபட்டவர்களில் முன்வரிசைக்காரர். இவருடைய கதையின் கடைசிப் பாகம் நம் மலையில் நடக்கிறது.

கணவர் சார்ல்ஸ் ஹே கமரூனுக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1833இல் இலங்கை நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புறூக் - கமரூன் சீர்திருத்தத்தில் வரும் கமரூன் இவர்தான். 1875இல் தம்பதியர் இலங்கைக்கே குடிவந்தார்கள். சாமான்களோடு இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தார்கள் என்றும், அவற்றுக்குள் பீங்கானும் கண்ணாடியும் அடுக்கியிருந்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

அந்தக் காலத்துப் புகைப்படம் என்பது கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய வேலை. முன்னால் நிற்பவர் நிமிடக் கணக்கில் அசையக் கூடாது. இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் அந்த அம்மா வேலையாட்களையும் கிராமத்தவர்களையும் நிறுத்திப் படமெடுத்தார். இலங்கையில் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவை ஐரோப்பா, அமெரிக்க நூதனசாலைகளில் பத்திரமாக இருக்கின்றன. இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர், விஞ்ஞானி படங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. இங்கே எடுத்தவற்றில் பெரும்பாலானவற்றில் நிற்பவர் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. அந்த முகங்களை நேருக்கு நேர் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அவசரமாகக் கடந்து போகாதீர்கள். அவர்கள் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றிருக்கிறார்கள்.

● கமரூன் 1879 ஜனவரியில் டிக்கோயா கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவ சென். மேரிஸ் தேவாலயத்து மயானத்தில் அடக்கம். அடுத்த வருடம் கணவரும் பக்கத்திலேயே. நானுஓயாவில் கோச்சி ஏறி ஹட்டனில் இறங்கினால், நோர்வூட் வழியாக பொகவந்தலாவைக்கு பஸ் பிடிக்கலாம். லண்டனிலும் லொஸ் ஏஞ்சல்ஸிலும் படங்கள் தொங்கும் ஒரு கலைஞரின் கல்லறை, நமக்கு ஒரு பகல் பயணம்.

● அவர் வீட்டுக்கு 1877இல் ஒரு விருந்தாளி வந்தார்: மரியான் நோர்த். உலகம் சுற்றிச் செடிகொடிகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். அவருடைய 800க்கும் மேற்பட்ட ஓவியங்களுக்கென்றே லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் 1882இல் தனிக் கூடம் திறந்தார்கள். சட்டத்துக்குச் சட்டம் ஒட்டிக்கொண்டு, சுவர் தெரியாமல் நிறைந்திருக்கும் அந்தப் படங்களுக்கு நடுவே இலங்கைக் காட்சிகளும் உண்டு. வரும் மக்களுக்குத் தேத்தண்ணியும் கோப்பியும் கொடுக்க வேண்டும் என்று நோர்த் கேட்டார். பூங்கா நிர்வாகம் சம்மதிக்கவில்லை. ஆகவே கதவுகளுக்கு மேலே தேயிலைச் செடியையும் கோப்பிச் செடியையும் வரைந்துவைத்தார்!

● ஹக்கல பூங்கா முதலில் பூவுக்காகத் தொடங்கியதல்ல. 1861இல் மலேரியா மருந்தான குயினைனுக்கு சிங்கோனா மரம் வளர்த்துப் பார்க்கத் தொடங்கியது.

● தேயிலை ருசி பார்ப்பவர்களின் சர்வதேச அளவு: 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, மூடிவைத்து 6 நிமிடம். சீனி கிடையாது. வீட்டில் ஒரு நாள் செய்து பாருங்கள். ஒரு கோப்பையில் டஸ்ட், ஒரு கோப்பையில் நல்ல பீ.ஓ.பீ. கரண்டியால் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சினால்தான் வாசனை மூக்குக்கு ஏறும். திம்புளைப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல பருவம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, காய்ந்த குளிர் காற்று வீசும் மாதங்கள். கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் ஆரம்பித்து இன்னும் நடக்கிறது. முந்நூறு வருடத்துக்கு மேல் நடந்த லண்டன் ஏலம் 1998இல் நின்றது. நம் தேயிலையில் மிக நல்லதை வாழ்நாள் முழுக்கப் பறித்தவர்களில் பலர், அதை ஒரு கோப்பை குடித்ததேயில்லை. நீங்கள் குடியுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் கொடுங்கள்.

● பிரிட்டிஷ் நூதனசாலையில் 143 சென்ரிமீற்றர் உயரத்தில், பொன் முலாம் பூசிய வெண்கலத் தாரா தேவி நிற்கிறாள். சுமார் 8ஆம் நூற்றாண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில் கிடைத்தவள். ஆளுநராக இருந்த பிரவுன்றிக் 1830இல் அங்கே கொடுத்தார்.

● நெதர்லாந்து தன்னிடமிருந்த ஆறு இலங்கைப் பொருட்களை 2023இல் திருப்பித் தந்தது. 1765இல் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது போன, தங்கமும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி அதில் பெரியது. ஆம்ஸ்டர்டாமின் றைக்ஸ் நூதனசாலையில் இருந்த அதைப் பார்க்க இப்போது விசா வேண்டாம். கொழும்புத் தேசிய நூதனசாலைக்குப் போனால் போதும்.

● அதே கொழும்பு நூதனசாலையில் ஒரு கல்வெட்டையும் தேடிப் பாருங்கள். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு, சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு, தமிழில் தென்திசைத் தேவேந்திரமுனையில் கோயில்கொண்ட தென்னாவரை நாயனாருக்கு. 1911இல் காலி நகரத்தில் ஒரு வாய்க்காலுக்கு மூடியாகக் கிடந்தபோது கண்டெடுத்தார்கள்.

● லண்டனில் தேசிய ஓவியக் கூடம், பிரிட்டிஷ் நூதனசாலை, விக்டோரியா அன்ட் அல்பர்ட் மூன்றுக்கும் நிரந்தரக் காட்சிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாமார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மகனுக்குச் செலவு என்று தயங்கி வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். கியூ பூங்காவுக்கு மட்டும் டிக்கட் வேண்டும்.

● நூதனசாலைக்குள் போன ஒரு மணி நேரத்தில் கால் கடுத்து, கண் மங்கி, எல்லாப் படமும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பிக்கும். இதை 1916இலேயே பொஸ்டன் நுண்கலை நூதனசாலையைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் ஆராய்ந்து எழுதினார். குனிந்தும் எட்டியும் பார்க்க வைக்கும் காட்சிப் பெட்டிகளே பெரிய காரணம் என்று படம் எடுத்துக் காட்டினார். பாரிஸ் லூவரில் மட்டும் சுமார் 35,000 பொருட்கள் காட்சியில் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று ஓடுபவர் எதையும் பார்ப்பதில்லை. மூன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் உட்காருங்கள். பிறகு வெளியே போய் ஏதாவது நல்லதாகச் சாப்பிடுங்கள்.

● மோனா லிசா 77 சென்ரிமீற்றர் உயரம், 53 அகலம். நம் வீட்டுச் சாமிப் படம் பல அதைவிடப் பெரிது.

● சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் சமயங்களின் இல்லம் என்று ஒரு கட்டடம் 2014 முடிவில் திறந்தது. ஒரே கூரைக்குக் கீழ் பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த நிலையம், நம் தமிழர் கட்டியெழுப்பிய சைவக் கோயில். அங்குள்ள மரக்கறி உணவகத்தின் பெயர் 'வணக்கம்'.

● மழையில்லாத ஒரு விடியற்காலையில் ஹோட்டன் சமவெளிக்குப் போய்விடுங்கள். உலக முடிவுப் பள்ளத்தாக்கைக் காலை பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் மேகம் மூடிவிடும்.

● கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையை 2001இல் தேயிலை நூதனசாலை ஆக்கினார்கள். 1867இல் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லருக்கு அங்கே தனி இடமுண்டு. இயந்திரங்களைப் பார்த்துவிட்டு மேல்மாடியில் மலையைப் பார்த்தபடி தேத்தண்ணி குடிக்கலாம்.

● ஆனால் அந்தத் தேயிலையைப் பறித்தவர்களைப் பார்க்க கம்பளைப் பக்கம் பாரதெக்கவுக்குப் போக வேண்டும். ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பராக்களையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாகவும் ஆவணக் காப்பகமாகவும் 2007இல் மாற்றினார்கள். செய்தது கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம்.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பெரிய நூதனசாலை இதுதான். லயத்தில் வாழ்ந்தவர்களின் வீட்டுப் பொருட்களும் வேலைக் கருவிகளும், வாழ்ந்த கூரைக்குக் கீழேயே இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளை எல்ல ஒன்பது வளைவுப் பாலத்துக்குக் கூட்டிப் போகிறோம். நல்லது, அழகான இடம். இங்கேயும் அரை நாள் கூட்டிப் போங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் எப்படிச் சமைத்தது, எங்கே தூங்கியது, நனைந்த கம்பளியை எங்கே காயவைத்தது என்று உள்ளே நின்று சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

● கொழும்பில் நவீன, சமகாலக் கலைகளுக்கான நூதனசாலை 2019 டிசம்பரில் திறந்தது. ஹட்டன் மண்ணிலிருந்து வந்த ஹனுஷா சோமசுந்தரம் போன்ற ஓவியர்கள் தேயிலையையும் அதன் கறையையும் படைப்புப் பொருளாகவே எடுத்து, தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் காலம் இது. அந்த நூதனசாலையில் படங்களுக்குப் பக்கத்திலுள்ள விளக்கக் குறிப்புகள் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழிலும் இருக்கும்.